ராத்திரியில் இழுக்கும் கால்: பார்க்கின்சன் உள்ளவருக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: என் கணவருக்கு 68 வயது. பார்க்கின்சன் என்று தெரிந்து 6 வருடம் ஆகிறது. லெவோடோபா–கார்பிடோபா மாத்திரை தினமும் நான்கு வேளை சாப்பிடுகிறார். கடைசி வேளை ராத்திரி 8 மணிக்கு. பகலில் நடமாட்டம் பரவாயில்லை. ராத்திரிதான் கஷ்டம். படுத்த கொஞ்ச நேரத்தில் காலுக்குள் என்னவோ ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். நடந்தால் சரியாகிறது, படுத்தால் மறுபடியும் ஆரம்பிக்கிறது. நடுராத்திரியில் இடுப்பும் தொடையும் வலிக்கிறது என்று முனகுகிறார். தானாகப் புரண்டு படுக்க முடிவதில்லை. விடியற்காலை 4, 5 மணிக்கு இடது கெண்டைக்கால் கல்லாகிவிடுகிறது, பாதம் உள்பக்கம் திரும்பி விரல்கள் மடங்கிக்கொள்கின்றன. "இருக்கிற மாத்திரையே போதும், இன்னொன்று வேண்டாம்" என்று பிடிவாதமாக இருக்கிறார். இயற்கையான முறையில் இந்த வலியைக் குறைக்க வழி உண்டா? மக்னீசியம் மாத்திரை, பூனைக்காலி விதைப்பொடி இரண்டையும் தெரிந்தவர்கள் சிபாரிசு செய்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரு வலி இல்லை, மூன்று வலி. எந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று நீங்களே பிரித்து எழுதியிருப்பதால் என் வேலை பாதி முடிந்துவிட்டது. பெரும்பாலானவர்கள் "ராத்திரி முழுக்கக் கால் வலி" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொன்னால் கிடைப்பது ஒரு வலி மாத்திரைதான்.

நான் பிசியோதெரபிஸ்ட். பார்க்கின்சன், பக்கவாதம் போன்ற நரம்பு நோய் உள்ளவர்களோடுதான் என் வேலை. மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் நரம்பியல் மருத்துவரின் பொறுப்பு. ஆனால் எந்த வலிக்குப் படுக்கை காரணம், எந்த வலிக்கு மாத்திரையின் நேரம் காரணம் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியும். அதைப் பிரிக்காமல் எண்ணெய் தேய்ப்பதிலோ பொடி கொடுப்பதிலோ அர்த்தமில்லை. மூன்றில் ஒன்றுக்கு நடை மருந்து, ஆனால் இருட்டில் அதே நடை ஆபத்து.

முதலில் விடியற்காலை வலியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மூன்றிலும் கொடுமையானது அதுதான். பாதம் உள்பக்கம் திரும்புவது, விரல்கள் மடங்குவது, சிலருக்குக் கட்டைவிரல் மட்டும் மேல்நோக்கி விறைத்து நிற்பது, கெண்டைக்கால் இறுகுவது எல்லாம் சேர்ந்து வந்தால் அது சாதாரண குரக்குவலி இல்லை. டிஸ்டோனியா என்று சொல்லப்படும் தசை முறுக்கம். மூளையில் டோபமின் (அசைவுக்குத் தேவையான ரசாயனம்; லெவோடோபா மூளையில் இதுவாகத்தான் மாறுகிறது) குறைகிற நேரத்தில் தசைகளுக்குப் போகும் கட்டளை குழம்புகிறது. ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்க வேண்டிய தசைகள் ஒரே நேரத்தில் இழுக்கின்றன.

ஏன் விடியற்காலையில்? கார்பிடோபாவோடு சேர்த்துச் சாப்பிட்டாலும், லெவோடோபா ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் ஒன்றரை மணி நேரம்தான் ஆகும். 8 மணிக்குப் போட்ட மாத்திரையில் 4 மணிக்குச் சொல்லும்படியாக எதுவும் மிஞ்சியிருக்காது. நோயின் ஆரம்ப வருடங்களில் மூளை கொஞ்சம் டோபமினைச் சேமித்து வைத்துக்கொண்டு சமாளிக்கும். அப்போது இந்த இடைவெளி தெரியாது. வருடங்கள் போகப் போக அந்தச் சேமிப்பு குறைந்து, உடம்பு மாத்திரையின் கடிகாரத்தையே பின்பற்ற ஆரம்பிக்கிறது. உங்கள் கணவருக்கு இப்போது நடப்பது பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன்.

முறுக்கம் வந்துவிட்ட நிமிடத்தில் என்ன செய்வது? மடங்கிய விரல்களைப் பிடித்து வலுவாக நிமிர்த்தப் பார்க்காதீர்கள். வலிதான் கூடும், முறுக்கமும் இன்னும் பிடிவாதமாகும். அவரை மெதுவாக எழுப்பிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார வையுங்கள். பாதத்தைத் தரையில் வைத்து, குதிகால் தரையில் படும்படி முழங்காலின் மேல் கை வைத்துக் கீழ்நோக்கி நிதானமாக அழுத்தட்டும். உடம்பின் எடை பாதத்தின் வழியாக இறங்கும்போது பலருக்கு முறுக்கம் தளர்கிறது. எழுந்து நிற்க முடிந்தால் இன்னும் நல்லது, ஆனால் நீங்கள் பக்கத்தில் இருந்தால் மட்டும். உட்காரவே முடியாத நாளில், படுத்தபடியே முன்பாதத்தைச் சுற்றி ஒரு நீளமான துண்டைப் போட்டு, இரண்டு முனையையும் பிடித்துப் பாதத்தை மெல்ல முகத்தை நோக்கி இழுக்கலாம். வெடுக்கென்று இழுக்காமல் 30 எண்ணும் வரை பிடித்திருந்து, விட்டு, மறுபடி. அப்புறம் கெண்டைச் சதையின் மேல் வெதுவெதுப்பான ஒத்தடம்.

வெந்நீர்ப் பையோ நனைத்துப் பிழிந்த துணியோ, 15 நிமிடம் போதும். சூட்டை அவர் சொல்லி நம்பாமல் உங்கள் முழங்கையில் வைத்துப் பாருங்கள். பார்க்கின்சன் உள்ள சிலருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும், சுட்டது தெரியாமலே கொப்பளித்துவிடும். மின்சார ஒத்தடப் பட்டையைப் போட்டுக்கொண்டே தூங்குவது வேண்டவே வேண்டாம்.

இதெல்லாம் வந்த பிறகு செய்வது. வராமல் தடுக்க, படுப்பதற்கு முன் காலை நீட்டி இழுக்கும் பயிற்சி. இதில் எனக்கு நம்பிக்கை அதிகம். நெதர்லாந்தில் 55 வயதுக்கு மேற்பட்ட 80 பேரை வைத்துச் செய்து 2012-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. தினமும் படுக்கப் போகும் முன் கெண்டைக்கால் தசையையும் பின்தொடைத் தசையையும் நீட்டி இழுத்தவர்களுக்கு 6 வாரத்தில் ராத்திரிக் குரக்குவலி குறைந்தது. அவர்கள் பொதுவான வயதானவர்கள், பார்க்கின்சன் நோயாளிகள் இல்லை. டோபமின் குறைவால் வரும் முறுக்கத்தை இந்தப் பயிற்சி மட்டும் நிறுத்திவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நாள் முழுக்க இறுகிக் குறுகிப்போன தசை மேல் முறுக்கம் வருவதற்கும், நீட்டித் தளர்த்திய தசை மேல் வருவதற்கும் வலியில் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

செய்ய வேண்டிய நேரம் முக்கியம். 8 மணி மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்த பிறகு, உத்தேசமாக 9 மணிக்கு, உடம்பு இலகுவாக இருக்கும்போது. மாத்திரையின் வேகம் இறங்கிப்போன நேரத்தில் செய்தால் பயிற்சியே ஒரு தண்டனையாகிவிடும். சுவரைப் பார்த்து நின்று, இரண்டு கையையும் சுவரில் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, அந்த முழங்காலை மடக்காமல், குதிகாலைத் தூக்காமல் உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும். கெண்டைக்காலில் இழுவிசை தெரியும், வலி தெரியக் கூடாது. 30 வரை சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். பார்க்கின்சனில் அசைவுகள் தானாகச் சுருங்கிப்போகும்; வெளியிலிருந்து காதில் விழும் எண்ணிக்கையோ தாளமோ இருந்தால் அசைவு பெரிதாகிறது. பத்தாவது எண்ணிலேயே முடித்துவிடும் வழக்கமும் நிற்கும்! ஒவ்வொரு காலுக்கும் மூன்று தடவை. பின்னால் ஒரு கனமான நாற்காலியைப் போட்டு வையுங்கள், தடுமாறினால் உட்கார. நிற்பதில் நிதானம் இல்லாதவர் என்றால் சுவர் வேண்டாம். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, நான் மேலே சொன்ன துண்டு முறையே போதும். அதிலேயே பின்தொடையும் சேர்ந்து நீளும்.

இனி இந்த விடியற்காலை வலியில் மாத்திரையின் பங்கு. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: மருத்துவர் இங்கே செய்யக்கூடிய முதல் காரியம் புது மாத்திரை எழுதுவது என்று இல்லை. இருக்கிற மாத்திரையின் நேரத்தை மாற்றலாம். கடைசி வேளையைப் படுக்கும் நேரத்துக்குத் தள்ளலாம். அதே மருந்தில் மெதுவாகக் கரைகிற வகையை ராத்திரிக்குக் கொடுக்கலாம். காலை முதல் வேளையைத் தலைமாட்டிலேயே தண்ணீரோடு வைத்து, எழுவதற்கு அரை மணி, முக்கால் மணி முன்பே போட்டுக்கொண்டு படுத்திருக்கச் சொல்லலாம். தண்ணீரில் கரைத்துக் குடித்தால் சீக்கிரம் வேலை செய்கிற வகையும் உண்டு. எது பொருந்தும் என்பது ரத்த அழுத்தம், ராத்திரிக் கனவு, பிரமை இதையெல்லாம் பார்த்து அவர்தான் முடிவு செய்ய வேண்டும். வலிக்குக் காரணம் டோபமின் இடைவெளி என்று தெரிந்த பிறகும் அதைத் தொடாமல் எண்ணெய் மட்டும் தேய்ப்பது அவருக்கு நாம் செய்யும் உதவி இல்லை என்பது என் கருத்து. ஒரு எச்சரிக்கை: யார் சொன்னாலும் லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்திப் பார்க்காதீர்கள். கடும் காய்ச்சலும் விறைப்புமாக உயிருக்கே ஆபத்தான நிலை வரக்கூடும்.

சாப்பாட்டு விஷயமும் இங்கே ஒட்டிக்கொள்கிறது. குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் லெவோடோபா போகிற அதே வழியில்தான் புரதம் செரித்துக் கிடைக்கும் அமினோ அமிலங்களும் போகின்றன. இரண்டுக்கும் போட்டி வந்தால் மருந்துக்குத் தோல்வி. புரதம் அதிகமான ராத்திரிச் சாப்பாட்டோடு 8 மணி மாத்திரையைப் போட்டால் அது அரைகுறையாகவே வேலை செய்யும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ ஒரு மணி பின்போ போடுவது நல்லது. புரதத்தையே குறைத்துவிடாதீர்கள், எடையும் தசையும் குறைந்தால் அது வேறு தொல்லை. பகலுக்கு நகர்த்தினால் போதும். மலச்சிக்கல் இருந்தால் அதையும் கவனியுங்கள், குடல் மந்தமாக இருந்தால் மாத்திரை போய்ச் சேருவதும் மந்தம்தான்.

அடுத்து, படுத்ததும் ஊர்கிற மாதிரி இருக்கிறது என்கிறாரே, அது. அசையாமல் இருக்கும்போது வருவது, சாயங்காலத்துக்கு மேல் கூடுவது, காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற உந்துதல், நடந்தால் குறைவது. நான்கும் சேர்ந்தால் அது ஓய்வற்ற கால் என்கிற கோளாறாக இருக்க நிறைய வாய்ப்பு. பார்க்கின்சன் இல்லாதவர்களுக்கும் வருவது இது. பார்க்கின்சனில், மாத்திரையின் வேகம் இறங்கும் நேரத்து அமைதியின்மையும் கிட்டத்தட்ட இப்படியே இருக்கும் என்பதால் இரண்டையும் பிரிப்பது மருத்துவருக்கே சில சமயம் கடினம். அதனால்தான் மாத்திரை போட்ட நேரத்தையும் தொந்தரவு ஆரம்பித்த நேரத்தையும் சேர்த்து எழுதி வைக்கச் சொல்கிறேன். 5 ராத்திரிக்கு ஒரு நோட்டில் நான்கு விஷயம் எழுதுங்கள்: மாத்திரை எத்தனை மணிக்கு, தொந்தரவு எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன செய்ததும் குறைந்தது. மாத்திரை நேரத்தை மருத்துவர் மாற்றிய பிறகு தொந்தரவும் கூடவே நகர்ந்தால், காரணம் மாத்திரை. நகராமல் அதே நேரத்திலேயே வந்தால், ஓய்வற்ற கால் என்ற சந்தேகம் வலுக்கும்.

அது ஓய்வற்ற கால்தான் என்றால், முதலில் பார்க்க வேண்டியது இரும்புச்சத்து. சாதாரண ஹீமோகுளோபின் பரிசோதனை போதாது. ஃபெரிட்டின் பார்க்க வேண்டும், அதுதான் உடம்பின் இரும்புக் கையிருப்பு. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு ஃபெரிட்டின் 75-க்கு மேல் இல்லாவிட்டால், ரத்தசோகை இல்லாவிட்டாலும் இரும்புச்சத்து கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்பது நிபுணர்களின் வழிகாட்டுதல். பரிசோதனை நிலைய அறிக்கையில் 30, 40 என்று இருந்தால்கூட 'நார்மல்' என்று அச்சாகியிருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடிவிடாதீர்கள், எண்ணைக் கேளுங்கள். பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் தவறு, தேவைக்கு மேல் சேரும் இரும்பு உறுப்புகளைக் கெடுக்கும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால், லெவோடோபாவுக்கும் இரும்பு மாத்திரைக்கும் குறைந்தது 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். சேர்த்துப் போட்டால் இரும்பு லெவோடோபாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரண்டுமே வீண்.

அப்புறம் வீட்டு மருந்துப் பெட்டியைப் பாருங்கள். தூக்கம் வரவழைக்கும் சளி, அலர்ஜி மாத்திரைகள், சில மனச்சோர்வு மாத்திரைகள், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு, ப்ரோக்ளோர்பெரசின் போன்றவை ஓய்வற்ற காலைக் கிளப்பிவிடும். கடைசி இரண்டும் டோபமினைத் தடுப்பவை என்பதால் பார்க்கின்சன் உள்ளவருக்குக் கொடுக்கவே கூடாது. வேறொரு டாக்டர் அவசரத்தில் எழுதினாலும் நோயைச் சொல்லி மாற்றிக் கேளுங்கள். மனச்சோர்வு மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் எழுதியவரிடம் பேசுங்கள். காபி, டீ மதியத்தோடு முடியட்டும். மது, சிகரெட் இருந்தால், ராத்திரிக் காலுக்கு அதைவிட்டால் வேறு விரோதி வேண்டாம்.

ஊர்கிற உணர்வு வரும்போது நடப்பது உதவும் என்பது உண்மை. ஆனால் இருட்டில், தூக்கக் கலக்கத்தில், பார்க்கின்சன் உள்ளவர் அறைக்குள் உலாத்துவது எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த நோயில் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சரேலென்று இறங்குவது சகஜம். கட்டிலை விட்டு இறங்கும் முன் ஒரு நிமிடம் ஓரத்தில் உட்கார்ந்து கணுக்காலை மேலும் கீழும் 20 தடவை ஆட்டட்டும். கழிவறை வரை ஒரு சின்ன விளக்கு எரியட்டும், வழியில் மிதியடி, கம்பி எதுவும் வேண்டாம். நடக்காமலே நடையின் பலனைப் பெற, உட்கார்ந்தபடியே மிதிக்கும் சின்னப் பெடல் கருவி சிலருக்கு நன்றாகப் பலன் தருகிறது. கெண்டைக்காலை அழுத்தித் தேய்ப்பதும், குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான துணியைச் சுற்றுவதும் அந்த நேரத்துக்குக் கைகொடுக்கும். குளிர்ச்சியா சூடா என்பது ஆளுக்கு ஆள் மாறும், அவருக்கு எது என்று அவரே கண்டுபிடிக்கட்டும். மனதை ஈர்க்கிற ஏதாவது ஒன்று, குறுக்கெழுத்து, சீட்டு, பேச்சு, இதைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடும் என்பது வேடிக்கையாகத் தோன்றினாலும் நிஜம். டிவியை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பலன் அவ்வளவாகக் கிடைப்பதில்லை.

மூன்றாவது, நடுராத்திரி இடுப்பு, தொடை வலி. இதற்குக் காரணம் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவைப்படாமலே போகலாம். நாம் தூங்கும்போது நமக்கே தெரியாமல் பல தடவை புரள்கிறோம், அவரால் முடியவில்லை. ஒரே பக்கம் மணிக்கணக்காக அழுந்தினால் யாருக்கும் வலிக்கும். இது முழுக்க முழுக்க எங்கள் துறை, மாத்திரையை விடப் படுக்கைதான் இங்கே பேசும்.

விரிப்பிலிருந்து ஆரம்பியுங்கள். உள்ளே அமுங்கும் மெத்தையில் புரளுவது குழியிலிருந்து ஏறுவது போல. ஓரளவு உறுதியான மெத்தை வேண்டும். தோள் முதல் முழங்கால் வரை படுகிற நடுப்பகுதியில் மட்டும் வழுவழுப்பான சாட்டின் துணியை ஒரு துண்டாக விரியுங்கள். கால் பக்கம் சாதாரணப் பருத்தியே இருக்கட்டும், பாதத்தை ஊன்றிப் புரள அங்கே பிடிப்பு வேண்டும். உடையும் சாட்டின், விரிப்பும் சாட்டின் என்று இரண்டையும் செய்தால் கட்டிலை விட்டே வழுக்கி இறங்கிவிடுவார். போர்வை லேசாக இருக்கட்டும், கால்மாட்டில் மெத்தைக்கு அடியில் செருகாதீர்கள். கனமான போர்வை விரல்களைக் கீழ்நோக்கி அழுத்தும். ராத்திரி முழுக்கப் பாதம் அப்படியே கிடந்தால் கெண்டைக்கால் குறுகி, விடியற்காலை வலிக்கு நாமே வழி செய்துகொடுத்ததாகும்.

புரளுவதற்கும் ஒரு முறை உண்டு. மொத்த உடம்பையும் ஒரே நேரத்தில் திருப்பப் பார்ப்பதால்தான் அவருக்கு முடியாமல் போகிறது. முதலில் இரண்டு முழங்காலையும் மடக்கிப் பாதங்களை ஊன்ற வேண்டும். அடுத்து, திரும்ப வேண்டிய பக்கம் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பிறகு மறுபக்கக் கையை உடம்புக்குக் குறுக்கே நீட்டிக் கட்டிலின் விளிம்பைப் பிடிக்க வேண்டும். கடைசியாக "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாய்விட்டுச் சொல்லி முழங்கால்களை அந்தப் பக்கம் சாய்த்தால் இடுப்பு தானாகப் பின்னால் வரும். இதைப் பகலில், மாத்திரை வேலை செய்யும் நேரத்தில், தினமும் பல தடவை பழக வேண்டும். ராத்திரி 2 மணிக்கு முதல் தடவையாகச் சொல்லிக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டைதான் வரும். கட்டிலில் பொருத்துகிற கைப்பிடி ஒன்று இருந்தால் இன்னும் சுலபம். உங்களுக்கும் எழுந்து தூக்க வேண்டிய வேலை குறையும்.

பக்கவாட்டில் படுக்கும்போது இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு தலையணை இடுப்பு வலிக்கு நல்லது. மல்லாந்து படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாக இருக்கும், ஆனால் ராத்திரி முழுக்க வேண்டாம். ஏற்கெனவே கூனி, முழங்கால் மடங்கி நிற்கிற நோய் இது. மடக்கியபடியே தூங்கினால் தசைகள் அந்த நீளத்துக்கே குறுகிவிடும். பகலில் 10 நிமிடம் தலையணை இல்லாமல் கால் நீட்டி மல்லாந்து படுக்கச் சொன்னால் அதற்கு ஈடாகும். மற்றபடி பகல் நடை, தாய் சீ (நிதானமாக அசைந்து செய்யும் சீனப் பயிற்சி), நடனம், எதுவானாலும் அவருக்குப் பிடித்ததை வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடம் வரும்படி செய்யட்டும். தாய் சீ செய்தவர்களுக்குச் சமநிலை கூடி விழுவது குறைந்ததாக 2012-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. படுப்பதற்கு முந்தைய சில மணி நேரத்தில் கடுமையான பயிற்சி வேண்டாம், அது காலை இன்னும் கிளப்பிவிடும்.

இனி நீங்கள் நேராகக் கேட்ட இரண்டு.

மக்னீசியம். வயதானவர்களின் குரக்குவலிக்கு இது சொல்லும்படியான பலன் தருவதில்லை என்பதே ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழுவின் 2020 முடிவு. ரத்தத்தில் மக்னீசியம் உண்மையிலேயே குறைவாக இருந்தால் கதை வேறு. நீர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அப்படி ஆகலாம். சிறுநீரகம் பழுதானவருக்குக் கொடுத்தால் ஆபத்து. மலத்தை இளக்கும் என்பதால் மலச்சிக்கல் உள்ளவருக்கு அந்த வழியில் ஏதோ லாபம் இருக்கலாம், வலிக்காக வாங்குவது காசுக்குக் கேடு. யாராவது அடுத்து கொயினா (குயினைன்) மாத்திரையைச் சிபாரிசு செய்தால் அதையும் மறுத்துவிடுங்கள், ரத்தத் தட்டணுவையும் இதயத் துடிப்பையும் பாதிக்கக்கூடியது.

பூனைக்காலி விஷயத்தில் எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. அந்த விதையில் இருப்பது லெவோடோபாவேதான். 1937-லேயே அதிலிருந்து பிரித்தெடுத்திருக்கிறார்கள். இன்னொரு மாத்திரை வேண்டாம் என்கிறவர், அதே மாத்திரையின் சரக்கைப் பொடியாகச் சாப்பிடப் பார்க்கிறார்! அது வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. வேலை செய்யும் என்பதுதான் பிரச்சினை. ஆய்வுகளில் லெவோடோபா எவ்வளவு என்று அளந்து கொடுத்திருக்கிறார்கள். கடையில் வாங்கும் பொடியில் ஒரு கரண்டிக்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. நான்கு வேளை மாத்திரைக்கு மேல் இதையும் சேர்த்தால், கட்டுக்கடங்காத உடல் ஆட்டம், வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு, பிரமை எல்லாம் வரலாம்; மருத்துவரோ காரணம் தெரியாமல் மாத்திரையைக் குறைத்துக்கொண்டிருப்பார். அவரிடம் சொல்லாமல் ஒரு சிட்டிகைகூட வேண்டாம்.

சத்து மாத்திரை ஏதாவது ஏற்கெனவே கொடுக்கிறீர்களா? அட்டையில் பி6 எவ்வளவு என்று பாருங்கள். நீண்ட நாள் அதிக அளவில் சாப்பிட்டால் அதுவே நரம்பைக் கெடுத்துக் காலில் எரிச்சலையும் மரமரப்பையும் உண்டாக்கும். மாறாக பி12 குறைந்தாலும் அதே எரிச்சல் வரும். நெடுநாள் லெவோடோபா சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது அறிந்த விஷயம். ஃபெரிட்டினுக்கு ரத்தம் எடுக்கும்போதே பி12, சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகச் செயல்பாடு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிவிடுங்கள்.

எண்ணெய் தேய்ப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்காத வீடே இல்லை. தேய்க்கலாம். பலன் எண்ணெயில் இல்லை, கையில். கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி 10 நிமிடம் இதமாக. தேய்த்த பாதத்தோடு தரையில் இறங்க விடாதீர்கள், துடைத்த பிறகுதான்.

ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக வலித்தால் தேய்க்கக் கூடாது. ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாதம் வெளிறிச் சில்லிட்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால்தான் வலி குறைகிறது என்றால் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடுப்பிலிருந்து மின்னல் மாதிரி காலுக்கு இறங்கும் வலியோடு புதிதாகக் கால் பலவீனமோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்போ வந்தால் அதுவும் அவசரம்தான். பார்க்கின்சன் உள்ளவருக்கு வருகிற எல்லா வலியையும் பார்க்கின்சன் கணக்கிலேயே எழுதிவிடக் கூடாது.

மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டோடு, முறுக்கம் வந்த நேரத்தில் பாதத்தைக் கைபேசியில் எடுத்த ஒரு சின்ன வீடியோவும் இருக்கட்டும். பகல் 11 மணிக்கு அவர் முன்னால் உட்காரும்போது அந்தப் பாதம் ஒழுங்காகத்தான் இருக்கும். கேட்க வேண்டியது இரண்டு: கடைசி வேளைக்கும் முதல் வேளைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை, மொத்த அளவைக் கூட்டாமல் சுருக்க முடியுமா? ஃபெரிட்டின் எவ்வளவு? பயிற்சியையும் படுக்கை மாற்றத்தையும் இன்றைக்கே ஆரம்பித்து 6 வாரம் விடாமல் செய்யுங்கள். நேரத்தை மாற்றியும் பாதம் மட்டும் தொடர்ந்து முறுக்கிக்கொண்டே இருந்தால், அந்தத் தசையைத் தளர்த்த அதற்கு மட்டும் போடும் பொட்டுலினம் ஊசி பற்றி அப்போது கேட்கலாம். அதன் பலன் சுமார் மூன்று மாதம் இருக்கும், தினமும் விழுங்க வேண்டிய மாத்திரையும் இல்லை என்பதால் உங்கள் கணவர் ஒருவேளை சம்மதிப்பார்.